சேர்க்கையும் சமாசனமும்: பெங்களூருப் பள்ளிகளில் பிரிவினை நீங்கிய வரலாறு

முன்னுரை

கல்விக்கூடத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை இன்று எவரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. ஆயினும் அக்கொள்கை ஏட்டில் ஏறிய நாளுக்கும் வகுப்பறையில் நடைமுறைக்கு வந்த நாளுக்கும் இடையே பல தலைமுறைகள் கழிந்துள்ளன. பள்ளிப் பிரிவினை என்றதும் அமெரிக்கக் கறுப்பின மாணவர்தம் போராட்டமே பலர் நினைவுக்கு வருகிறது. இந்திய மண்ணில் அத்தகைய பிரிவினை சாதியின் பெயராலும், ஆங்கில ஆட்சிக்காலத்தில் இனத்தின் பெயராலும், அண்மைக்காலத்தில் கட்டணத்தின் வாயிலாகவும் நிகழ்ந்துள்ளது. இம்மூன்றையும் ஒருசேரக் காண்பதற்கு ஏற்ற நகரம் பெங்களூரு. மைசூர் மன்னராட்சிக்கு உட்பட்ட நகரப்பகுதியும், ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட தண்டுப் பகுதியும் கப்பன் பூங்காவை இடையிட்டு அருகருகே அமைந்திருந்தமையே இதற்குக் காரணமாகும். தண்டுப் பகுதியில் தமிழர் பெருந்தொகையினராய் வாழ்ந்தமையால் இவ்வரலாறு தமிழ்ச் சமூக வரலாற்றின் ஒரு கூறாகவும் அமைகிறது.

பள்ளியில் ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொள்வது ஒரு செயல். சேர்த்த குழந்தைக்குப் பிற குழந்தைகளோடு ஒத்த இருக்கை அளிப்பது மற்றொரு செயல். முன்னதைச் 'சேர்க்கை' என்றும், பின்னதை யாழ்ப்பாணத் தமிழர் வழக்கையொட்டிச் 'சமாசனம்' என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. சேர்க்கையோடு நின்றுவிட்ட பிரிவினை நீக்கம் எவ்வாறு வேறு வடிவில் மீண்டும் பிரிவினையாகவே முடிந்தது என்பதும், சமாசனம் வாய்த்த இடங்களில் குழந்தைகளிடம் விளைந்த மாற்றம் யாது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

தார்வார் மாணவனின் விண்ணப்பம்

கருநாடகப் பகுதியில் இச்சிக்கல் ஆவணங்களில் முதன்முதலாகத் தெளிவுறப் பதிவானது தார்வாரில் ஆகும். அன்று பம்பாய் மாகாணத்தின் பகுதியாயிருந்த அந்நகரத்து அரசுப் பள்ளியில் சேர்ந்து பயில விரும்பி, 1856-ஆம் ஆண்டு சூன் திங்களில் மகர் சாதியைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் விண்ணப்பித்தான். அவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. பம்பாய் அரசு அவன் பக்கம் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டது. எனினும் ஒருவனைச் சேர்த்தால் ஏனைய மாணவர் அனைவரும் விலகிப் பள்ளியே பயனற்றுப் போகும் என்று காரணம் கூறியது. கல்வி குறித்து உட்டு என்பார் அனுப்பிய புகழ்பெற்ற அறிக்கை வெளியாகி அப்போது ஈராண்டுகளே ஆகியிருந்தன.

இம்முடிவை இந்திய அரசு ஏற்கவில்லை. செய்தி இலண்டன் வரை சென்றது. அரசின் முழுச்செலவில் நடைபெறும் பள்ளிகள் எல்லா வகுப்பினர்க்கும் உரியவை என்று கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர் அவை 1858-இல் தெளிவுபடுத்தியது. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிவதற்கு ஏழாண்டுகள் முன்னரே இந்தியாவில் இக்கொள்கை உறுதிப்பட்டுவிட்டது என்பது எண்ணத்தக்கது. ஆனால் கொள்கையை அறிவித்த அரசே அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை ஊராரின் மனப்போக்குக்கு விட்டுவிட்டது. விளைவாக, பல பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள் திண்ணையிலும் வாயிலுக்கு வெளியிலும் அமர்ந்தே பாடம் கேட்டனர். பின்னாளில் அரசமைப்புச் சட்ட வரைவுக்குழுவின் தலைவராக விளங்கிய அம்பேத்கர், சாத்தாராவில் பயின்ற காலத்தில் தனியே ஒரு கோணிமேல் அமர்ந்தே கற்றார் என்பதும், பள்ளியின் தண்ணீரைத் தாமே எடுத்துப் பருக அவருக்கு இசைவில்லை என்பதும் அவரே எழுதிய செய்திகள். அவர் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருந்தது. பிற மாணவரோடு அமரும் இடம் அவருக்கு இல்லை.

தனிப்பள்ளி என்னும் இடைவழி

1882-இல் அமைக்கப்பெற்ற அண்டர் கல்விக்குழு, அரசுப் பள்ளியில் எவர்க்கும் சாதி காரணமாக இடம் மறுத்தலாகாது என்னும் கொள்கையை மீண்டும் வலியுறுத்தியது. அதே வேளையில், போதிய எண்ணிக்கையில் குழந்தைகள் உள்ள இடங்களில் ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தனிப்பள்ளிகளை ஊக்குவிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. கொள்கையைக் கைவிடாமலும் ஊராரின் எதிர்ப்பைச் சந்திக்காமலும் கடந்து செல்ல இஃது ஓர் இடைவழியாயிற்று.

சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் பறையர் நிலைமை குறித்து அளித்த அறிக்கையும், அதனைத் தொடர்ந்து 1893-இல் பஞ்சமர் கல்விக்கென வெளியான அரசாணையும் தனிப்பள்ளிகள் பெருக வழிவகுத்தன. அயோத்திதாசப் பண்டிதர் முதலானோரின் தொடர்போடு ஆல்காட் 1894-இல் தொடங்கிய இலவசப் பஞ்சமர் பள்ளிகளும் இக்காலத்தனவே. 1920-க்குப் பின்னர்த் தொழிலாளர் துறையின் பொறுப்பில் இயங்கிய பள்ளிகளே பெயர் மாற்றங்களுக்குப் பின் இன்றைய ஆதிதிராவிடர் நலப்பள்ளிகளாக நிலைபெற்றன. பொதுப்பள்ளி ஏற்க மறுத்த குழந்தைக்கு எழுத்தறிவித்தவை இத்தனிப்பள்ளிகளே. அதே நேரத்தில், பொதுப்பள்ளி தன் வாயிலை மூடிவைத்திருப்பதற்குரிய சாக்காகவும் அவை பயன்பட்டன. இவ்விருதன்மையையும் மறவாமல் வைத்துக்கொண்டே மைசூர் அரசின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

மைசூர் அரசும் பஞ்சமர் கல்வியும்

நால்வடி கிருட்டிணராச உடையாரின் ஆட்சிக்காலம் (1902–1940) மைசூர் நாட்டில் கல்வி விரிவடைந்த காலமாகும். தொடக்கக் கல்வியைத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளில் கட்டாயமாக்கும் சட்டம் 1913-இல் இயற்றப்பட்டது. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-இல் தோன்றியது. பள்ளிகள் பெருகியபோது, அப்பள்ளிகள் யாருக்குரியவை என்னும் வினாவும் எழுந்தது. வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் வரி செலுத்துவோர் அனைவர்தம் பிள்ளைகளும் பயிலலாமா என்பதே அது.

சித்தூர்ப் பகுதியில் பிறந்தவரும் தெலுங்கில் கவிஞராகவும் திறனாய்வாளராகவும் புகழ்பெற்றவருமான கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி, 1910-களின் பிற்பகுதியில் மைசூர்க் கல்வித்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் அரசுப் பள்ளிகள் பஞ்சமர் குழந்தைகளுக்கும் திறந்துவிடப்பட்டன. வைதிகரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது, முறையீடுகள் குவிந்தன. எனினும் ஆணை நிலைத்தது. 1918-இல் தலைமை நீதிபதி இலெசுலி மில்லர் தலைமையில் அமைக்கப்பெற்று 1919-இல் அறிக்கை அளித்த குழு, அரசுப் பணிகளில் பிராமணரல்லாதார்க்குரிய பங்கையும், பிற்பட்டோர்க்கான கல்வி உதவிகளையும் பரிந்துரைத்ததும் இதே காலச்சூழலில்தான். பணிப்பங்கீடு குறித்த கருத்து வேறுபாட்டால் திவான் விசுவேசுவரய்யா பதவி விலகினார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி.

மில்லர் குழுவைப் பற்றி எழுதியோர் பலர்; பள்ளி திறப்பாணையைப் பற்றி எழுதியோர் சிலரே. பணிப்பங்கீடு வளர்ந்தோரின் போட்டியைப் பற்றியதாதலின் உடனடி அரசியல் ஆயிற்று. பள்ளி திறப்போ, ஐந்து அகவைக் குழந்தையின் தீட்டு யாரைத் தீண்டும் என்னும் வினாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. எண்ணத்தால் முன்னதை ஏற்றவரிலும் தம் வீட்டுக் குழந்தையைப் பொறுத்தவரை பின்னதை ஏற்காதவர் பலராவர்.

மைசூர் நாட்டில் பஞ்சமர் என்பார் ஒரே மொழியினர் அல்லர். கன்னடம் பேசுவோர் ஆதிகருநாடகர் என்றும், தமிழ் பேசுவோர் ஆதிதிராவிடர் என்றும் பின்னர் பெயர் பெற்றனர். பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் வாழ்ந்த தமிழ் ஆதிதிராவிடர், அரசாணைக்குக் காத்திராமல் தமக்கெனக் கல்வி முயற்சிகளை மேற்கொண்டனர். அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்குப் பெங்களூரிலும் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் கிளைகள் இருந்தன. சுரங்கத் தொழிலாளர் நடுவே படிப்பகமும், இதழ் வாசிப்பும், நூல் வெளியீடும் வேரூன்றின. அயோத்திதாசரின் நூல்கள் பிற்காலத்தில் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலையின் வாயிலாக வெளிவந்தமை இதற்குச் சான்று. பள்ளி வாயில் மூடப்பட்டிருந்த ஒரு சமூகம் தன் கல்வியைத் தானே தேடிக்கொண்ட வரலாறு இது.

யாழ்ப்பாணத்துப் படிப்பினை

வாயில் திறந்தபின் நிகழ்வது என்ன என்பதைத் தமிழ் நிலத்தின் மற்றொரு பகுதியான யாழ்ப்பாணம் தெளிவாகக் காட்டுகிறது. அங்கு அரசின் உதவிபெறும் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள் சேர்க்கப்பட்டிருந்தனர். ஆனால் ஏனையோர் வாங்கில் அமர, இவர்கள் தரையிலோ வெளியிலோ அமர்த்தப்பட்டனர். 1929-ஐ ஒட்டி, உதவிபெறும் பள்ளிகளில் எல்லா மாணவர்க்கும் ஒத்த இருக்கை அளித்தல் வேண்டும் என்று இலங்கை அரசு பணித்தது. இதுவே 'சமாசனம்' எனப்பட்டது. உணவில் வேற்றுமையின்மை 'சமபோசனம்' எனப்பட்டது.

சேர்க்கையைப் பொறுத்துக்கொண்ட ஊர்கள் சமாசனத்தைப் பொறுக்கவில்லை. பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தினர். ஆணையைத் திரும்பப்பெறுமாறு மனுக்கள் எழுந்தன. பள்ளிகள் பல தீக்கிரையாயின. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசு சமத்துவத்தின் பக்கம் நின்றது. ஒரு குழந்தை பள்ளிக்கு உள்ளே வருவதைவிட, வாங்கில் ஏறி அமர்வதே சாதிக்கு மிகுந்த அச்சமூட்டியது என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது. இருக்கையின் உயரம் ஒன்றாகும்போது, ஒருவரையொருவர் நோக்கும் பார்வையும் ஒன்றாகும். தீ வைத்தோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம்.

தண்டுப் பகுதியில் இனப் பிரிவினை

பெங்களூருத் தண்டு 1809-இல் நிறுவப்பெற்றது. 1881-இல் மைசூர் ஆட்சி உடையார் மரபினரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும், தண்டுப் பகுதி ஆங்கிலேயரிடமே இருந்தது. படைவீரராகவும், வணிகராகவும், ஒப்பந்தக்காரராகவும், சமையற்காரராகவும், கட்டடத் தொழிலாளராகவும் வந்து குடியேறிய தமிழர் அல்சூர், சிவாசிநகர் முதலிய பகுதிகளில் நிறைந்திருந்தனர். ஆளும் இனத்தவரும் ஆங்கிலோ இந்தியரும் வாழ்ந்த தெருக்கள் அருகிலேயே இருந்தன. குழந்தைகள் ஒரே சந்தையிலும் ஒரே சாலையிலும் நடமாடினர். பள்ளியில் மட்டும் பிரிந்தனர்.

ஐரோப்பியர், யூரேசியர் குழந்தைகளின் கல்வி குறித்து 1860-இல் ஆளுநர் தலைவர் கானிங் எழுதிய குறிப்பும், ஆயர் காட்டன் வகுத்த திட்டமும் இந்தியாவெங்கும் ஐரோப்பியப் பள்ளிகள் தோன்றக் காரணமாயின. பெங்களூரில் ஆயர் காட்டன் பள்ளி 1865-இல் எழுந்தது. பால்டுவின் பள்ளியும் புனித சூசையப்பர் கல்விக்கூடமும் 1880-களின் தொடக்கத்தில் இயங்கலாயின. ஐரோப்பியப் பள்ளிகளுக்கெனத் தனி விதித்தொகுப்பு இருந்தது. அவ்விதிகள் இந்திய மாணவர் சேர்க்கைக்கு வரம்பு விதித்தன. அப்பள்ளிகளில் ஒரு மாணவனுக்காக அரசு அளித்த உதவித்தொகை, இந்தியப் பள்ளிகளில் அளித்ததினும் மிகுதி. ஒரே துறவியர் நடத்திய புனித சூசையப்பர் நிறுவனத்திலேயே ஐரோப்பியர்க்கொரு பள்ளியும் இந்தியர்க்கொரு பள்ளியும் தனித்தனியே இருந்தன. 'இந்திய உயர்நிலைப்பள்ளி' என்று இன்றும் வழங்கும் பெயர் அக்காலத்துப் பாகுபாட்டின் எச்சமாகும்.

இச்சூழலில் இந்தியர்க்கான கல்வியை இந்தியரே தோற்றுவிக்க வேண்டியதாயிற்று. ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தண்டுப் பகுதியில் தொடங்கிய இலவசப் பள்ளி அத்தகைய முயற்சிகளுள் தலையாயது. சிறிய பள்ளியாகத் தொடங்கிய அது, இன்று பல கல்வி நிறுவனங்களைக் கொண்ட அறக்கட்டளையாக வளர்ந்துள்ளது.

நாற்பது விழுக்காடும் 1954-உம்

1947-இல் தண்டுப் பகுதி மைசூர் அரசோடு இணைந்தது. 1949-இல் நகரமும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் பள்ளிப் பிரிவினையை மூன்று முனைகளில் எதிர்கொண்டது. தீண்டாமையை 17-ஆம் பிரிவு ஒழித்தது. அரசு நடத்தும் பள்ளியிலோ அரசின் உதவிபெறும் பள்ளியிலோ சமயம், இனம், சாதி, மொழி என்பவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுத்தலாகாது என்று 29-ஆம் பிரிவு விதித்தது. ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்குப் பத்தாண்டுக் காலம் படிப்படியாகக் குறைந்துவரும் சிறப்பு உதவியை 337-ஆம் பிரிவு வழங்கியது. ஆண்டுச் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்களைப் பிற சமூகத்தார்க்கு அளித்தல் வேண்டும் என்பது அவ்வுதவிக்குரிய நிபந்தனை. இனப்பள்ளி பொதுப்பள்ளியாக மாறுவதற்கு அரசமைப்பு நிருணயித்த அளவு இது. பெங்களூரின் பழைய ஐரோப்பியப் பள்ளிகளில் இந்திய நடுத்தர வகுப்பினரின் பிள்ளைகள் பெருகியது இக்காலத்திலேயாகும்.

1954-ஆம் ஆண்டு மே திங்கள் உலகக் கல்வி வரலாற்றில் நினைவுகூரத்தக்கது. அத்திங்கள் 17-ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் பிரவுன் வழக்கில், இனத்தால் பிரிக்கப்பட்ட பொதுப்பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நாள் கழித்து, 26-ஆம் நாள், இந்திய உச்சநீதிமன்றம் பம்பாய்க் கல்விச் சங்க வழக்கில் தீர்ப்பு வழங்கியது. ஆங்கிலவழிப் பள்ளிகளில் ஆங்கிலோ இந்தியரையும் ஆசிய வழிவராதோரையும் மட்டுமே சேர்க்கலாம் என்று பம்பாய் அரசு பிறப்பித்த ஆணை செல்லாது என்பது அத்தீர்ப்பு. இந்திய மொழியின் வளர்ச்சியே தன் நோக்கம் என்று அரசு வாதிட்டது. நோக்கம் நன்றாயினும், ஒரு குழந்தையின் பிறப்பைக் காரணமாக்கி வாயிலை மூடுதல் கூடாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடாயிற்று.

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதை மட்டுமன்றி, சேர்த்த பின் வேற்றுமை காட்டுவதையும் அது குற்றமாக்கியது. தார்வார் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே சமாசனம் சட்டத்தின் மொழியில் இடம்பெற்றது.

தனிவிடுதி அளித்த கொடை

பிரிவினை நீக்க வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கவனிக்காத ஒரு பக்கம் உண்டு. தனிப்பள்ளியும் தனிவிடுதியும் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இழிவின் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. அச்சமின்றி வாழக் கிடைத்த முதல் வீடாகவும் இருந்தன. பஞ்சமர் கல்விக்காக உழைத்த கோபாலசாமி ஐயரின் பெயர் தாங்கிய மாணவர் விடுதி பெங்களூரில் பல தலைமுறை தலித் மாணவரை உருவாக்கியது. கன்னடக் கவிஞரும் தலித் இயக்கத்தின் முன்னோடியுமான சித்தலிங்கையா (1954–2021) அவ்விடுதியில் தங்கிப் பயின்றவர். மாகடி வட்டத்துச் சிற்றூரிலிருந்து பெங்களூரின் சீராமபுரத்துக்குக் குடிபெயர்ந்த எளிய குடும்பத்தில் வளர்ந்த அவருக்கு, விடுதி வாசிப்பையும் நட்பையும் மேடையையும் அளித்தது. 1970-களில் கருநாடகத்தில் எழுந்த தலித் இலக்கியத்துக்கும் இயக்கத்துக்கும் இத்தகைய விடுதிகள் விளைநிலமாயின.

அமெரிக்க வரலாற்றிலும் இதற்கு ஒப்புமை உண்டு. பிரவுன் தீர்ப்புக்குப் பின் தென்மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல்லாயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர் வேலையிழந்தனர். மாணவர் பொதுப்பள்ளிக்குச் சென்றனர். அவர்களை நன்கறிந்த ஆசிரியர் உடன் செல்லவில்லை. குழந்தையை மட்டும் இடம்பெயர்த்து, ஆசிரியரையும் பாடத்தையும் பள்ளியின் பழக்கங்களையும் மாற்றாது விடுவது முழுமையான பிரிவினை நீக்கம் ஆகாது. தமிழ்நாட்டில் இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப்பள்ளிகள் உள்ளன. 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் உடன்பயின்ற மாணவரால் வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அமைக்கப்பெற்ற நீதியரசர் சந்துரு குழு, அப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவும் 2024-இல் பரிந்துரைத்தது. நாங்குநேரி நிகழ்ச்சி பொதுப்பள்ளி மாணவரிடையே நிகழ்ந்தது என்பதை இங்கு மறத்தலாகாது. ஒரே பள்ளியில் இருத்தல் மட்டும் பகையைப் போக்கிவிடுவதில்லை. ஆதலின் இணைப்பு எவ்வாறு நிகழும் என்பதே இணைப்பினும் முதன்மையான வினாவாகிறது.

கட்டணம் எழுப்பிய சுவர்

சாதியும் இனமும் வாயிற்காவலராய் நிற்க இயலாத நிலையில் அவ்விடத்தைக் கட்டணம் பற்றிக்கொண்டது. பெங்களூரு தொழில்நுட்ப நகராக வளர்ந்த காலத்தில் தனியார் பள்ளிகள் பெருகின. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை அங்கு அனுப்ப, அரசுப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கென்றே ஆயின. குடிசைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இவர்களுள் அடங்குவர். எவரையும் சாதியைக் கேட்டு விலக்காமலேயே, வகுப்பறைகள் சாதியாலும் வருவாயாலும் பிரிந்தன. அமெரிக்க நகரங்களில் வெள்ளையர் புறநகர்க்கும் தனியார் பள்ளிக்கும் விலகியமைக்கு இஃது ஒத்ததாகும்.

2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இச்சுவரில் ஒரு வாயிலைத் திறந்தது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு இலவசமாக அளித்தல் வேண்டும் என்று அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு விதித்தது. 2012-இல் உச்சநீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டில் பெங்களூரின் தனியார் பள்ளி ஒன்றில், இவ்வாறு சேர்ந்த குழந்தைகள் சிலரை வேறுபடுத்திக் காட்ட அவர்தம் தலைமுடி கத்தரிக்கப்பட்டது என்னும் புகார் எழுந்து நாடெங்கும் பேசப்பட்டது. தார்வார் முதல் தொடர்ந்த சிக்கலே இங்கு மீண்டும் தலைகாட்டியது. சேர்க்கை கிடைத்தது, சமாசனம் கேள்விக்குள்ளாயிற்று.

வாயில் நெடுநாள் அகலத் திறந்திருக்கவும் இல்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பொருத்தம் குறித்து 2025-இல் அதே நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று ஐயம் எழுப்பியுள்ளது. 1950-இல் 40 விழுக்காட்டு இடங்களைப் பிறர்க்கு அளிக்கக் கடமைப்பட்ட வகையைச் சேர்ந்த பள்ளிகள், 2014-க்குப் பின் 25 விழுக்காட்டுக் கடமைக்கும் புறத்தே நின்றன என்பது வரலாற்றின் முரண். அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருப்பின், தனியார் பள்ளியில் இவ்வொதுக்கீடு இல்லை என்று கருநாடக அரசு விதியைத் திருத்தியது. 2019-இல் உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. பெங்களூரு போன்ற நகரில் அரசுப் பள்ளியில்லாத சுற்றுப்புறம் அரிது. ஆகவே ஒதுக்கீட்டு இடங்கள் பெரிதும் சுருங்கின. அரசுப் பள்ளியை வலுப்படுத்தவே இத்திருத்தம் என்பது அரசின் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் ஏழைக் குழந்தை அரசுப் பள்ளிக்கே செல்க என்பது, அண்டர் குழு காட்டிய தனிப்பள்ளி வழியை நினைவூட்டாமலில்லை.

குழந்தைகளிடம் விளைந்தவை

கலந்து பயிலுதல் குழந்தைகளிடம் விளைவிக்கும் மாற்றத்தை ஆய்வுகள் ஓரளவு தெளிவாக்கியுள்ளன. 1954-இலேயே உளவியலறிஞர் ஆல்போர்ட்டு, முற்சாய்வு குறைவதற்கு வெறும் அருகிருத்தல் போதாது என்று நிறுவினார். ஒத்த நிலை, பொது நோக்கம், கூட்டுழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகியவை உடன் அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அமெரிக்கப் பொருளியலறிஞர் இரக்கர் சான்சன் நெடுங்காலத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், பிரிவினை நீங்கிய பள்ளிகளில் பயின்ற கறுப்பினக் குழந்தைகள் கூடுதல் ஆண்டுகள் பயின்றனர். வளர்ந்தபின் கூடுதல் வருவாயும் நல்ல உடல்நலமும் பெற்றனர். வெள்ளையினக் குழந்தைகளுக்கு இழப்பு நேரவில்லை.

இந்தியச் சூழலில் கௌதம் இராவ் தில்லித் தனியார் பள்ளிகளில் நிகழ்த்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஏழை மாணவரோடு பயின்ற வசதியுள்ள மாணவரிடம் ஈகைக்குணமும் தன்னார்வத் தொண்டும் மிகுந்தன. தொடரோட்டத்துக்கு இணையரைத் தேர்ந்தபோது ஏழை மாணவரைப் புறக்கணிக்கும் போக்கு குறைந்தது. கணிதத்திலும் இந்தியிலும் அவர்தம் தேர்ச்சி குன்றவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறிதளவு குறைவு காணப்பட்டது. சில பள்ளிகளில் மாணவர் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஏழை மாணவரோடு ஒரே குழுவில் அமர்ந்தோரிடம் மாற்றம் மிகுதியாக இருந்தது. ஒரே பள்ளி என்பதினும், ஒரே வகுப்பு என்பதினும், ஒரே பணியில் உடனிருத்தலே மனத்தை மாற்றியது என்பதற்கு இது சான்றாகும். யாழ்ப்பாணத்தில் வாங்குக்காக எழுந்த பூசலின் உட்பொருளை இவ்வாய்வு வேறொரு வழியில் உறுதிப்படுத்துகிறது.

இதற்கு மறுதலையான சான்றும் கருநாடகத்திலேயே உண்டு. கோலார் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் தலித் பெண் ஒருவர் மதிய உணவு சமைத்தமைக்காகப் பெற்றோர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு மாற்றிய செய்தி 2010-களின் நடுவில் வெளியாயிற்று. உணவை மறுக்கக் குழந்தை தானே அறியாது, அறியவைக்கப்படுகிறது. சமபோசனம் குலைந்தபோது பள்ளியும் உடன் குலைந்தது.

முடிவுரை

1856-இல் தார்வாரில் ஒரு சிறுவன் கேட்ட இடம், இந்நாட்டில் சட்டத்தளவில் எவர்க்கும் மறுக்கப்படாத இடமாகிவிட்டது. மைசூர் அரசின் திறப்பாணையும், அரசமைப்பின் 29, 337-ஆம் பிரிவுகளும், கல்வி உரிமைச் சட்டமும் அடுத்தடுத்து வாயில்களைத் திறந்தன. ஒவ்வொரு முறையும் தனிப்பள்ளியாகவோ, பின்வரிசையாகவோ, கட்டணமாகவோ, விதித்திருத்தமாகவோ மற்றொரு தடை எழுந்தது. சேர்க்கையை எண்ணிக்கையால் அளந்து நிறைவடைந்தமையே இதற்கு அடிப்படைக் காரணம் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது. எத்தனை குழந்தைகள் சேர்ந்தனர் என்பதற்குக் கணக்கு உண்டு. சேர்ந்தோர் எங்கு அமர்ந்தனர், யாரோடு உண்டனர், எந்தக் குழுவில் பயின்றனர் என்பதற்குக் கணக்கு வைப்பதில்லை.

பள்ளிகளை ஆய்வுசெய்வோர் இருக்கை, உணவு, குழுப்பணி, ஆசிரியர் நியமனம் ஆகிய நான்கையும் சேர்க்கை விழுக்காட்டோடு ஒருங்கே ஆராயின், பிரிவினை நீங்கியதா, இடம் மாறியதா என்பது விளங்கும். பெங்களூரில் கப்பன் பூங்காவின் இருபுறமும் இன்று ஒரே மாநகரம். அம்மாநகரத்துக் குழந்தைகள் ஒரே வாங்கில் அமரும் நாளிலேயே அவ்விணைப்பு முழுமை பெறும்.